மலையக மக்களின் காணி உரிமை: எமது நிலைப்பாடு

இலங்கையின் பெருந்தோட்டங்களில் பரம்பரையாக வாழ்ந்துவரும் ஒவ்வொரு மலையகக் குடும்பத்துக்கும் குடியிருக்க மண்ணும் பயிர் செய்ய நிலமும் பதிவு செய்யப்பட்ட உறுதியுடன் சொந்தமாக வேண்டும். சம்பள உயர்வோ வீடமைப்போ நிவாரணமோ இதற்கு ஈடாகாது என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. சம்பளப் போராட்டத்தில் நாங்கள் என்றும் தொழிலாளர் பக்கமே நிற்போம். ஆனால் நாட்சம்பளத்தைச் சுற்றியே பேச்சு நடந்துகொண்டிருப்பதால், அதைவிடப் பழைய அநியாயம் ஒன்று பேசப்படாமலே போகிறது.

1840இல் பிரித்தானிய ஆட்சி 12ஆம் இலக்கக் காணிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எதுவானாலும், தன்னுடையது என்று ஒருவர் நிரூபிக்கும்வரை அது முடிக்குச் சொந்தம் என்றது அச்சட்டம். கண்டிப் பகுதிக் கிராமத்தவர் சேனை வெட்டிய மேடுகளுக்கும் மாடு மேய்த்த காடுகளுக்கும் காட்டுவதற்குப் பத்திரம் ஏது? அந்த நிலங்கள் ஆரம்பத்தில் ஏக்கர் 5 சிலிங் விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் அந்த ஆட்சியின் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள்.

அந்த மண்ணில் முதலில் கோப்பி நட்டார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை நட்டார்கள். காடு வெட்டியதும் கன்று நட்டதும் கொழுந்து பறித்ததும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் திரட்டிக் கொண்டுவந்த ஏழைகள். அவர்களில் மிகப் பலர் அங்கேயும் நிலமற்றிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்தபோது கொள்ளைநோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களின் பெயரில் வழிச்செலவும் முற்பணமும் கடனாக எழுதப்பட்டன. கடனைக் குறித்த துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைக்கும் ஏற்பாடு மட்டும் லயத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

லயத்து வீடு என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்த காம்பராக்களில் ஒன்று. முன்னால் ஒரு இஸ்தோப்பு, உள்ளே ஓர் அறை, அதற்குள்ளேயே மூன்று தலைமுறை. ஒழுகும் தகரத்தை மாற்றவும், பின்பக்கம் ஒரு குசினியை இழுத்துக் கட்டவும் தோட்டத்துரையின் அனுமதி வேண்டும். வீட்டில் யாராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்கும்வரைதான் அந்த இருப்புக்கு நிம்மதி. உறுதி இல்லாததால் வங்கியில் கடன் இல்லை. தனி முகவரி இல்லாததால் பல தோட்டங்களில் தபால் தோட்ட அலுவலகத்துக்கே போகிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்து வேலையை இழந்த இளைஞர்களை மலையகத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடச் சட்டத்தில் இருந்த தடையே 2018இல்தான் திருத்தத்தால் நீங்கியது. அதற்குமுன் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரதேச சபைத் தேர்தல்களில் இந்த மக்கள் வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆபத்து தெரிந்தாலும் வேறிடத்தில் குடிசை போட ஒரு பேர்ச்சஸ் நிலமும் சொந்தமில்லாதவர்கள் எங்கே போவார்கள்?

பிரித்தானியர் போனபின் இதைத் திருத்தும் வாய்ப்புகள் வந்தன. சுதந்திர இலங்கை செய்த முதற்காரியங்களில் ஒன்று, மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். 1947 தேர்தலில் 7 உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வாக்கற்றவர்களாக நின்றார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களில் பெரும்பாலோரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்தது. அதன்படி இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் 5,25,000 பேர். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

பிறகு 1972, 1975 காணிச் சீர்திருத்தம். தோட்டங்கள் அரசுடைமையாயின. பிரித்தானியக் கம்பனிகளுக்கு நட்டஈடு பேசி முடிக்கப்பட்டது. நிலத்தை உருவாக்கியவர்களுக்கு ஒரு துண்டு நிலமும் கிடைக்கவில்லை. பல தோட்டங்களில் அவர்கள் விரட்டப்பட்டார்கள், பட்டினியால் செத்தவர்களும் உண்டு. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைச் சிங்களக் கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். நிலத்துக்காக மலையகம் கொடுத்த அந்த உயிரை நாங்கள் மறக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் காணிப் பசியும் நியாயமானதே. 1840ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களிடமிருந்து நிலத்தை எடுத்தது. அதே நிலத்தில் எங்கள் மூதாதையரை நிலமற்ற கூலிகளாக நிறுத்தியது. இரு சாராரையும் எதிரெதிராக நிறுத்தும் எந்த அரசியலையும் நாங்கள் ஏற்கமாட்டோம்.

1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. ஆனாலும் நிலத்தின் சொந்தக்காரர் அரசுதான். கம்பனிகளிடம் இருப்பது 2045வரையான குத்தகை. காணி கொடுக்கக் கைகள் கட்டப்பட்டிருப்பதாக அரசு சொல்வதை நாங்கள் ஏற்காததற்கு இதுவே காரணம்.

பிரித்துக் கொடுத்தால் தேயிலைத் தொழில் அழிந்துவிடும் என்ற வாதத்துக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை விளைவிப்பவர்கள் காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களில் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள். அவர்கள் தங்கள் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள், தங்கள் நிலத்தை ஈடு வைத்துக் கடன் எடுக்கிறார்கள், பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுப்போகிறார்கள். அவர்களிடம் இருக்கும் எந்தத் திறமை மலையகத் தொழிலாளியிடம் இல்லை? ஐந்தாறு தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்த கைகள் இவை. இல்லாதது உறுதி ஒன்றுதான்.

எனவே சில பேர்ச்சஸில் ஒரு வீடு என்பதோடு காணிக் கேள்வி முடிந்துவிட்டதாக நாங்கள் கருதவில்லை. இந்திய உதவியுடன் கட்டப்படும் தனிவீடுகளை வரவேற்கிறோம். லயத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு குடும்பத்தின் மகிழ்ச்சியும் எங்கள் மகிழ்ச்சி. ஆனால் ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். சில பேர்ச்சஸில் வீடு கட்டலாம், பிழைப்பு நடத்த முடியாது. கைவிடப்பட்டுக் காடேறிக் கிடக்கும் தேயிலை மலைகளை முதலில் அளந்து, அங்கே வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பயிர்நிலமாகக் கொடுக்க வேண்டும். கணவன் பெயரில் மட்டும் எழுதும் உறுதியை ஏற்கமாட்டோம். கொழுந்துக் கூடையைச் சுமப்பவர்கள் பெண்கள், அவர்கள் பெயரும் உறுதியில் வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதிகளில் உள்ள லயங்களுக்கு மாற்றுக் காணி கொடுப்பதில் ஒரு மழைக்காலம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பிரித்தானியாவுக்கும் பொறுப்பு உண்டு. பறித்த நிலத்தாலும் கட்டிவைத்த உழைப்பாலும் லண்டனில் சேர்ந்த செல்வத்துக்கு அந்நாடு கணக்குச் சொல்லியதில்லை. மலையகத்தின் நில அளவைக்கும் வீடமைப்புக்கும் பாடசாலைகளுக்கும் அது நிதி தர வேண்டும். கடனாகத் தருவதை ஏற்கமாட்டோம். பட்ட கடனைத் திருப்புவதாகவே அது வர வேண்டும்.

காணி உறுதி வழங்கும் விழாக்களை மலையகம் நிறையப் பார்த்துவிட்டது. காணிப் பதிவகத்தில் பதியப்படாத, வங்கி ஏற்காத பத்திரங்களை மேடையில் கொடுக்கும் எந்த நிகழ்விலும் எங்கள் அமைப்பு இனிக் கலந்துகொள்ளாது. வரும் தேர்தல்களில் மலையகத்தில் வாக்குக் கேட்கும் ஒவ்வொரு கட்சியிடமும், எந்தத் தோட்டத்தில் எத்தனை ஏக்கரை எந்த ஆண்டுக்குள் அளந்து பதிவு செய்து கொடுக்கப்போகிறது என்பதை எழுத்தில் கேட்போம். கிடைக்கும் பதில்களை அப்படியே அச்சிட்டுத் தோட்டம் தோட்டமாக, தொழிலாளர் காலையில் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களங்களில் கொடுப்போம்.