பசி அடங்காத பிள்ளை: குறை வளர்ப்பில் இல்லை

2025 மார்ச் மாதம் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் டயசாக்சைடு கோலின் என்ற மருந்துக்கு அனுமதி வழங்கியது. பிராடர்-வில்லி எனும் மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்படும் அடங்காப் பசியைக் குறைக்க அனுமதி பெற்ற முதல் மருந்து இது. நான்கு வயது முதல் கொடுக்கலாம். 1956-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் விவரித்த கோளாறு இது. அதன் பசிக்கு ஒரு மருந்து வர ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நல்ல செய்திதான். ஆனால் இம்மருந்து நோயைக் குணப்படுத்தாது. இந்தப் பிள்ளைகளின் உயிர் இன்றும் வீட்டின் அடுக்களையையும் உறவினர்களின் ஒத்துழைப்பையும் நம்பியே இருக்கிறது.

முதலில் பால் குடிக்காது

15-ஆவது குரோமோசோமில் தந்தை வழியாக வரவேண்டிய சில மரபணுக்கள் இல்லாமல் போவதோ, செயல்படாமல் இருப்பதோதான் காரணம். குழந்தை துவண்டு கிடக்கும். அழுகை சன்னமாக இருக்கும். பாலை உறிஞ்ச வலு இருக்காது. பல குழந்தைகளுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மூக்கு வழியாகக் குழாய் வைத்துப் பால் கொடுக்க வேண்டிவரும்.

"உம்மாவுக்குப் பால் பத்தலை", "கண்ணேறு பட்டிருக்கு" என்ற பேச்சுகள் இந்தக் கட்டத்தில்தான் கிளம்புகின்றன. பாலாடையில் வலுக்கட்டாயமாகப் புகட்டச் சொல்வார்கள். விழுங்கத் தெம்பில்லாத குழந்தைக்கு அப்படிப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. பிறந்த குழந்தை துவண்டு, பால் குடிக்காமல் இருந்தால் மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டிஎன்ஏ மெத்திலேஷன் என்ற இரத்தப் பரிசோதனை இக்கோளாறை 99 சதவீதத்துக்கும் மேல் கண்டறிந்துவிடும்.

பிறகு பசி அடங்காது

இரண்டு வயதுக்குப் பின் நிலைமை தலைகீழாகிறது. முதலில் எடை கூடும், அடுத்து உணவின் மீது நாட்டம் பெருகும். எட்டு வயதளவில் பலருக்கு 'வயிறு நிறைந்தது' என்ற உணர்வே வராது. மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸ் பகுதி சரியாக இயங்காததே காரணம். அதே சமயம் தசை குறைவாக இருப்பதால் மற்ற பிள்ளைகளைவிடக் குறைந்த கலோரியே இவர்களுக்குப் போதும். கட்டுப்பாடு இல்லையெனில் உடல்பருமன், நீரிழிவு, மூச்சுத்திணறல் வரும். அவசரமாக விழுங்கித் தொண்டையில் அடைத்தும், அளவு மீறி உண்டு இரைப்பை கிழிந்தும் உயிரிழந்தவர்கள் உண்டு.

ஆகவே உணவை ஒளித்து எடுக்கும் பிள்ளையைத் 'திருட்டுப் பழக்கம்' என்று அடிப்பது அநீதி. அடுக்களைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பூட்டுப் போடுவது கொடுமையல்ல, பாதுகாப்பு. எத்தனை மணிக்குச் சாப்பாடு, என்ன சாப்பாடு, எவ்வளவு என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தால் அதன் பதற்றமும் குறையும்.

உறவினர்கள் செய்ய வேண்டியது

நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் தட்டில்தான் பரிமாறப்படுகிறது. வலீமா விருந்து, பெருநாள் பிரியாணி, இஃப்தார் சம்சா என எங்கும் "பிள்ளை கேட்குதே, ஒண்ணுதானே" என்று ஒரு கை நீளும். பத்துப் பேர் ஒவ்வொன்று கொடுத்தால் தாயின் பல மாத உழைப்பு வீணாகும். பெற்றோரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். மத்ரஸா உஸ்தாதுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நோன்பு வைக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

"சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்ற பழியும் இங்கே பொருந்தாது. பெரும்பாலும் இது தற்செயலாக நிகழ்வது. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பெரும்பாலான குடும்பங்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அரிதான விதிவிலக்குகள் இருப்பதால் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

அரசு உதவி

இந்தியாவின் 2021 அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், பிராடர்-வில்லிக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை இடம்பெற்றுள்ளது. தசை வலுவுக்கும் வளர்ச்சிக்கும் இது உதவுகிறது. உதவித்தொகை வரம்பு 2022-ல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் குடும்பத்தின் கைக்கு வராது; அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையத்தின் வழியாகவே சிகிச்சைக்குக் கிடைக்கும். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையம்.

இந்தத் தகவலே தெரியாமல் கடன் வாங்கி அலையும் குடும்பங்களுக்கு வழிகாட்ட ஒவ்வொரு ஜமாஅத்திலும் விவரமறிந்த ஒருவர் இருந்தால் போதும். தாயைக் குறை சொல்லும் நேரத்தில் அவரோடு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் வருவதே அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி.