தென்படாத குழாய்

பெரிய கருவிகளைக் கொண்டாடும் நாம் சிறிய கருவிகளை மறந்துவிடுகிறோம். காந்த அதிர்வுப் படிமமுறைக்காக பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தகுதியான பரிசுதான். ஆனால் அந்த எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒரு குழந்தையைக் கிடத்தி, தொடை நாளத்தின் வழியே இதயத்துக்கு மெல்லிய குழாயொன்றைச் செலுத்தும்போது, அக்குழாய் மருத்துவருக்குத் தெரியுமா என்று நாம் கேட்பதில்லை.

எளிதில் தெரியாது என்பதே விடை. எம்.ஆர்.ஐ. காட்டுவது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. பிளாஸ்டிக் குழாய் புலப்படும்படியான சமிக்ஞை எதையும் தராது. படத்தில் மங்கிய நிழலாகக் கரைந்துவிடும். உலோகக் கம்பியோ சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைத்து, தன் பருமனை விடப் பெரிய கருநிழலை வீழ்த்தி, பார்க்க வேண்டிய தசையையே மறைத்துவிடும்.

ஆய்வாளர்கள் கண்ட வழிகள் சில உண்டு. குழாயில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு வளையங்களைப் பதித்தால் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரியும். காடோலினியம் கரைசலை நிரப்பினால் குழாய் ஒளிரும். நுனியில் நுண்சுருள் ஒன்றைப் பொருத்தினால் அதன் இடத்தைத் துல்லியமாகக் கணிக்கலாம். ஆனால் அச்சுருளோடு இணைந்த நீண்ட கம்பி ரேடியோ அலைகளுக்கு ஆண்டெனாவாகிச் சூடேறக்கூடும். கண்ணுக்குத் தெரிவதற்காக உடலைச் சுடுவதை எவரும் ஏற்க முடியாது. எனவேதான் கண்ணாடி இழைக் கம்பியில் இரும்புத் துகள்களை அடையாளமாக வைக்கும் முயற்சிகள் நமக்கு முக்கியமாகப் படுகின்றன.

இவ்வளவு பாடு எதற்கு? பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ள குழந்தைகள் சிலருக்கு இச்சிகிச்சை பலமுறை தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் எக்ஸ் கதிர் அவ்வுடலில் பாய்கிறது. எம்.ஆர்.ஐ. துணையோடு அக்கதிரைக் குறைக்க முடியும் என்று லண்டன் மருத்துவர்கள் 2003இலேயே லான்செட் இதழில் எழுதினார்கள். இன்றும் எக்ஸ் கதிரே பொதுவழக்கு. காந்தம் தயாராக இருக்கிறது. பாதுகாப்பாகவும் தெளிவாகவும் தெரியும் கம்பிகள்தாம் போதவில்லை. இவற்றுக்கான சந்தை சிறியது என்பது ஒரு காரணமாகலாம். ஆயின் சந்தை சிறியதென்பதால் குழந்தையின் தேவை சிறிதாகிவிடாது. பெரிய காந்தங்களுக்குச் செலவிடும் பொதுப்பணத்தில் ஒரு பங்கு இக்கம்பிகளுக்கும் செல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நல்ல கதைசொல்லி கதைக்குள் தொலைந்துபோவதுமில்லை, கதையை மறைத்து நிற்பதுமில்லை. நல்ல கருவிக்கும் அதுவே இலக்கணம்.