தோற்றம் வேறு, தீர்மானம் வேறு

கணினிப் படிப்பில் சேர்ந்துள்ள பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களில் ஏராளம். இணையப் பக்கம் அமைப்பதைப் பற்றிப் பேசுகையில் அவர்கள் 'டெம்ப்ளேட்' என்றொரு சொல்லை அடிக்கடி கூறக் கேட்டிருப்பீர்கள். நிக்காஹ் அழைப்பிதழுக்காக அச்சகத்தார் ஆயத்தமாக வைத்திருக்கும் மாதிரியைப் போன்றதே அது. ஓரப் பூவேலையும் எழுத்தின் அளவும் அதில் முன்னரே அமைந்திருக்கும். மணமக்களின் பெயர், நாள், இடம் ஆகியவற்றுக்கு மட்டும் வெற்றிடம் விடப்பட்டிருக்கும். நாளைக் குறிப்பது இரு வீட்டாரின் பொறுப்பு. அச்சகத்தாருக்கு அதில் வேலையில்லை.

இணையத்தில் இந்த எல்லை வெகு எளிதில் மீறப்பட்டது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்டு, பின்னர் பெரிதும் வளர்ந்த பி.எச்.பி. மொழி, பக்கத்தின் எழுத்துக்களுக்கு நடுவிலேயே கட்டளைகளைச் செருக வழி செய்தது. தொடக்கக்காரர்களுக்கு அது பெரும் வசதி. ஆனால் அவ்வசதியே பின்னர் தொல்லையாயிற்று.

ஒரு பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். உடன்பிறந்த இரண்டாவது பிள்ளைக்குக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு சலுகை என்பது விதி. இவ்விதியைக் கட்டண அறிவிப்புப் பக்கத்தின் டெம்ப்ளேட்டில் ஒருவர் எழுதிவிடுகிறார். ரசீதுப் பக்கத்திலும் மீண்டும் எழுதுகிறார். மறு ஆண்டு சலுகை ஐந்தில் ஒரு பங்காக உயர்கிறது. ஒரு பக்கம் திருத்தப்படுகிறது, மற்றது மறக்கப்படுகிறது. அறிவிப்பில் ஒரு தொகை, ரசீதில் வேறொரு தொகை! பணம் கட்டிய தந்தை எதை நம்புவார்? பக்கத்தின் நிறத்தை மாற்ற வந்த ஓவியர், அறியாமல் ஒரு வரியை அழித்துவிட்டால் சலுகையே மறைந்துபோகவும் கூடும்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் இணையப் பிரிவில் 2003-இல் உருவாகத் தொடங்கி, 2005-இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட 'ஜாங்கோ' இதற்கொரு விடை கண்டது. அதன் டெம்ப்ளேட்டில் மதிப்புகளைக் காட்டலாம். பட்டியலை வரிசையாக அடுக்கலாம். "இருந்தால் காட்டு, இல்லையேல் விடு" எனலாம். பைத்தான் மொழிக் கட்டளைகளை விரும்பியவாறு எழுத மட்டும் இடமில்லை. வடிவமைப்பாளர் அஞ்சாமல் கைவைக்கலாம். சலுகை எவ்வளவு என்பது வேறு கோப்பில், ஒரே இடத்தில் கணக்கிடப்பட்டு, விடை மட்டுமே பக்கத்துக்கு வந்து சேரும்.

சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த டெரன்ஸ் பார் இன்னும் கண்டிப்பானவர். டெம்ப்ளேட்டுக்குள் கணக்கிடுவதோ, மதிப்புகளை ஒப்பிடுவதோ கூடாதென 2004-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். அவ்வளவு கண்டிப்பு எல்லோர்க்கும் இயலுமா என்பது ஐயமே. பட்டியல் வெறுமையாயிருப்பின் "எதுவுமில்லை" எனக் காட்டுவதும் ஒரு நிபந்தனைதான். ஆனால் அது தோற்றத்தைச் சார்ந்தது. சலுகைக்கு உரியவர் யார் என்பது அப்படியன்று.

2013-இல் வெளியான 'ரியாக்ட்' இப்பிரிவினையையே குலைத்துவிட்டதெனச் சிலர் குறைகூறுவர். பக்கத்தின் உருவமும் அதை இயக்கும் கட்டளையும் அதில் ஒரே கோப்பில் அமைவது உண்மையே. எனினும் பொத்தானை அழுத்தியதும் பட்டியல் விரிவது தோற்றத்தின் வேலை. அது உருவத்தோடு சேர்ந்திருப்பதில் பிழையில்லை. கட்டண விதியை அங்கே கொண்டுவந்து வைத்தால், ரியாக்டிலும் அதே ரசீதுக் குழப்பம் நேரும்.