எது வேண்டும் என்று கேளுங்கள்

கோடை விடுமுறையில், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு, பாட்டி வீடு என்று நாள்கள் ஓடிவிடும். இன்னும் பள்ளியில் சேராத மூன்று, நான்கு வயதுச் சிறுவர்களின் நீண்ட பகற்பொழுதுக்குத் திட்டம் வகுப்பவர் பெற்றோரே. "வா, வண்ணம் தீட்டு; போதும், இனிப் பந்து விளையாடு" என்று வேளைதோறும் கட்டளை பிறக்கிறது. விளையாட்டும் பாடமாகிவிடுகிறது.

அண்மையில் ஒரு வீட்டில், நான்கு வயதுச் சிறுமியிடம் இரண்டு பலூன்களை நீட்டி, "எது வேண்டும் கண்ணு?" என்று கேட்டேன். அவள் பலூன்களைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் கண்ணால் சிவப்பைக் காட்டிய பின்னரே கை நீண்டது. "நான் சொல்லாமல் எதையும் தொடமாட்டாள்" என்றார் தாய், பெருமையுடன். எனக்கோ கவலையாயிற்று. இன்று தாயின் கண்ணைப் பார்க்கும் இப்பிள்ளை, பதினாறு வயதில் யாருடைய கண்ணைப் பார்க்கும்? தோழர் கூட்டம் தீயதொன்றைக் காட்டும்போது, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உறுதி ஒரே நாளில் பிறந்துவிடுமா?

கத்தோலிக்கப் பெண்மணியான மரியா மாண்டிசோரி, 1907-ஆம் ஆண்டு உரோமை நகரில், ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். ஒருநாள் ஆசிரியை தாமதமாக வந்தார். முந்திய நாள் அலமாரியைப் பூட்டவும் மறந்திருந்தார். பிள்ளைகள் அதைத் திறந்து, பொருள்களை எடுத்துக்கொண்டிருந்தனர். ஆசிரியை அதைத் திருட்டுப் புத்தி என்று எண்ணினார். மாண்டிசோரியோ, தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கும் ஆற்றல் பிள்ளைகளிடம் மலர்ந்துவிட்டது என்று கண்டார். அதன்பின் குழந்தைகளின் கைக்கெட்டும் திறந்த அலமாரிகள் அவர் முறையில் இடம்பெற்றன. இதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார்.

அப்படியானால் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடுவதா? அன்று. மருந்து, உச்சி வெயில், கிணற்றடி, இரவுச் செபம் ஆகியவற்றில் கேள்விக்கு இடமில்லை. கொடுக்க இயலாததைக் "வேண்டுமா?" என்று கேட்பதும் தவறு. எல்லையைப் பெற்றோர் வகுக்கட்டும். அதற்குள் பிள்ளை தேரட்டும். "என்ன செய்யப்போகிறாய்?" என்றால் சிறு பிள்ளை திகைக்கும். "மணல் வீடு கட்டலாமா, செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா?" என்று இரண்டை மட்டும் முன்வையுங்கள். மாலையில் ஓலைக் காற்றாடியா, நுங்கு வண்டியா என்று கேளுங்கள். வாளித் தண்ணீரில் விளையாட விரும்பினால், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

கேட்பது எளிது, கேட்டபின் ஏற்பதே கடினம். பிள்ளை மணலைச் சொன்ன பிறகு, "வண்ணம் தீட்டினால் நல்லது அல்லவா?" என்று இழுக்காதீர்கள். மணல் வீடு சரிந்து அழுதால், "நான் அப்போதே சொன்னேனே" என்னாதீர்கள். தன் தேர்வில் வந்த சிறு ஏமாற்றத்தைத் தாங்கப் பழகுவதும் கல்வியே. ஒரு மணல் வீட்டின் விலையில் அது கிடைப்பது மலிவு அன்றோ?

மே மாதம் தேவமாதாவின் வணக்க மாதம். மாலைச் செபத்துக்குமுன் வீட்டுச் சுரூபத்திற்கு வைக்கும் பூவை உங்கள் கடைக்குட்டி தேர்ந்தெடுக்கட்டும். மல்லிகையை விட்டு வேலியோரப் புல்பூவைக் கொண்டுவந்தால், அதை அகற்றாதீர்கள். அதுவே அங்கு இருக்கட்டும். நாசரேத்துக் கன்னியிடம் இறைவன் வானதூதரை அனுப்பியபோது, அவரது சம்மதத்தை நாடினார். அனைத்தையும் ஆள்பவரே ஓர் இளம்பெண்ணின் 'ஆகட்டும்' என்னும் சொல்லுக்குக் காத்திருந்தார். நம் பிள்ளைகளும் ஒருநாள் மனமார 'ஆகட்டும்' என்று சொல்லவேண்டுமானால், இன்று புல்பூவையும் மணலையும் அவர்களே தேர்ந்து பழகட்டும்.