படித்துப் பார்க்கச் சோம்பிப் பட்டத்தைக் கேட்கிறார்கள்

கல்லூரிப் பட்டம் பெறாதவர்கள் வரலாறு, மொழி, கல்வெட்டு பற்றியெல்லாம் முடிவு சொல்வதை நிறுத்த வேண்டும் என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். முறையாகப் படித்து, தேர்வெழுதி, ஒரு பல்கலைக்கழகம் சான்று கொடுத்தால்தான் ஒருவருக்கு அறிவு உண்டு என்று ஒப்புக்கொள்ள முடியுமாம். மற்றவர்கள் ‘ஆர்வலர்கள்’. அவர்கள் தகவல் தரலாம். அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே பேச்சைக் கருத்தரங்குகளிலும் தேர்வுக் குழுக்களிலும் இருபது வருடமாகப் பலர் வாயால் கேட்டுவிட்டேன். அவர்கள் எல்லோருக்குமாகத்தான் இந்தப் பதில்.

என்னிடம் முனைவர் பட்டம் இருக்கிறது. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொல்வதாக என்னை யாரும் ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் வெட்கப்பட்டு நின்ற ஒரு மாலைப் பொழுதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரிப் பக்கம் ஒரு நடுகல்லைப் பார்க்க ஐந்து பேர் போனோம். நால்வர் முனைவர்கள். ஐந்தாமவர் அந்த ஊர்த் தையல்காரர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். கல்லில் இருந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்து பகரமா வகரமா என்று நாங்கள் நால்வரும் உச்சி வெயிலில் அரை மணி நேரம் வாதாடினோம். வட்டெழுத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஓரமாக நின்றிருந்தவர் கடைசியில், “சார், இந்த நேரத்துல கல்லு பேசாது. வெயில் சாயட்டும்” என்றார். ஐந்து மணிக்கு மேல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழுந்து நின்றது. பகரம்தான். அந்தப் பெயரில் ஊர் இப்போது இல்லை. ஏரிக்குக் கீழே ஒரு வயல்வெளிக்கு மட்டும் அந்தப் பெயர் மிச்சமிருக்கிறது என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் கையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு. முன்பக்கத்திலிருந்து வாடிக்கையாளர்களின் சட்டை அளவுகள். பின்பக்கத்திலிருந்து நடுகற்கள்: எந்தக் காட்டில், எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எத்தனை வரி, எந்த எழுத்து சிதைந்திருக்கிறது, எந்த மாதத்தில் எத்தனை மணிக்குப் போனால் தெளிவாகத் தெரியும்.

மறு ஆண்டு ஒரு கருத்தரங்குக்கு அவர் கட்டுரை அனுப்பினார். படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார். கட்டுரை திரும்பி வந்தது. பிறகு அதே கல், அதே வாசிப்பு, அதே வயல்வெளி, வேறொருவர் பெயரில் அச்சேறியது. தையல்காரரின் பெயர் கடைசிப் பக்கத்தில் ‘தகவலாளிகள்’ பட்டியலில் இருந்தது. பேராசிரியர் விரும்பும் ஒழுங்கு நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். கண்டுபிடித்தவன் தகவலாளி, எடுத்துக்கொண்டவர் ஆய்வாளர்.

இனி அவருடைய வாதங்களுக்கு வருகிறேன்.

பட்டம் என்ற வேலி இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரலாறு எழுதுபவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்பது முதல் வாதம். பொய் வரலாறு பெருகுவது உண்மை. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பொய்யைத் தடுப்பது எது? சான்று கேட்பதுதான். கல் எங்கே, படி எங்கே, ஏடு எங்கே, எந்த வரி என்று கேட்டால் பொய் அந்த இடத்திலேயே விழும். பட்டம் எங்கே என்று கேட்டால், பட்டம் வைத்திருக்கும் பொய் சிரித்துக்கொண்டே உள்ளே வரும். வந்துகொண்டும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு தான் ஏற்றிருந்த ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. அத்தனை இதழ்களிலும் எழுதிக் குவித்தவர்கள் பெரும்பாலும் யார்? பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை தேவைப்பட்ட கல்லூரிக்காரர்கள். தையல்காரருக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அந்த எண்ணிக்கையால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. வேலிக்கு உள்ளே களை மண்டிக் கிடக்கிறது. இவர் வெளியே நிற்பவனைப் பார்த்துக் கம்பெடுக்கிறார்.

இரண்டாவது வாதம்: இராமானுஜனும் உ.வே.சாமிநாதையரும் விதிவிலக்குகள், விதிவிலக்கை வைத்து விதி செய்யக் கூடாது. கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். அந்த இருவர் வாழ்க்கையிலும் நடந்தது என்ன என்று பார்த்தவர் இதைச் சொல்லத் துணியமாட்டார்.

கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த இராமானுஜன், பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. கேம்பிரிட்ஜில் இருந்த பேக்கர், ஹாப்சன் என்ற கணித அறிஞர்களுக்கும் அவர் எழுதினார், பயன் இல்லை. 1913 ஜனவரியில் அங்கேயே இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி செய்தது ஒரே காரியம். அந்தத் தாள்களைத் தம் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார். படித்ததால் தெரிந்துகொண்டார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகமும் பட்டம் இல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜ் பட்டம் 1916இல் வந்தது, ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி 1918இல் வந்தது. அறிவு முன்னால் போயிற்று. பட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

உ.வே.சா. எந்தக் கல்லூரியிலும் மாணவராக இருந்தவரல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் தமது இடத்துக்கு அவரை அங்கே கொண்டுபோனபோது, அங்கிருந்தவர்கள் அவரைப் பாடல்களுக்குப் பொருள் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அவர் பதிப்பித்துக்கொண்டே போனார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது 1932இல். சிந்தாமணிக்குப் பிறகு 45 ஆண்டுகள். பேராசிரியரின் விதிப்படி அந்த 45 ஆண்டுகளும் உ.வே.சா. ஓர் ஆர்வலர், சங்க இலக்கியத்தைத் தேடிக் கொடுத்த தகவலாளி. இப்படி எழுதவே எனக்குக் கை கூசுகிறது. விதியை எழுதியவருக்குக் கூசவில்லை.

இராமானுஜன்கள் அபூர்வம் என்கிறார். ஹார்டிகள்தான் அபூர்வம். தெரியாத ஒருவனின் தாளைப் பிரித்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற பெரியவர்கள் குறைவாக இருப்பதால்தான் இவர்கள் விதிவிலக்காகத் தெரிகிறார்கள். படிக்க மறுத்தவர்களே, ‘பார், எத்தனை பேர் தேறினார்கள்’ என்று கணக்குக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

அப்படியும் அவர்கள் இருவரோடு முடியவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். ‘கிறித்தவமும் தமிழும்’ 1936இல் வந்தது, பௌத்தமும் சமணமும் தமிழுக்குச் செய்ததை அவரைப் படிக்காமல் இன்றும் எழுத முடியாது. இடைசெவலில் விவசாயம் செய்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதியே செய்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. ஐராவதம் மகாதேவனிடம் பட்டங்கள் இருந்தன: வேதியியலிலும் சட்டத்திலும். கல்வெட்டியலில் எதுவும் இல்லை. புகளூர்க் கல்வெட்டில் சங்ககாலச் சேரர்களை அடையாளம் கண்டவரும், சிந்துவெளி எழுத்துகளுக்கு 1977இல் தொடரடைவு கொடுத்தவரும், பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெருநூலை 2003இல் தந்தவரும் அந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிதான். பேராசிரியர் சொல்படி நடந்திருந்தால் அவர் சோதனைக் குழாயோடு நின்றிருக்க வேண்டும். தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகளின் கதி என்ன ஆகியிருக்கும் என்று பேராசிரியர் ஒரு நிமிடமாவது யோசித்தாரா?

மூன்றாவது வாதத்தைத்தான் அவர் தம் கட்டுரையின் உச்சமாக நினைக்கிறார். ‘பட்டம் இல்லாத மருத்துவரிடம் உங்கள் குழந்தையைக் கொண்டுபோவீர்களா?’ மாட்டேன். போலி மருத்துவரைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காய்ச்சலில் துடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் டாக்டரைச் சோதித்துப் பார்க்க முடியாது; தவறினால் உயிர் போகும். அதனால் எனக்குப் பதிலாக வேறொருவர் முன்கூட்டியே சோதித்து உரிமம் கொடுக்கிறார். அது தொழில் செய்ய அனுமதி. ஒருவருக்கு ஒன்று தெரியுமா தெரியாதா என்ற கேள்வி வேறு. ஒரு நடுகல் வாசிப்பு சரியா என்று பார்க்க யார் உயிரையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. கல் அங்கேயே நிற்கிறது. போய்ப் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவது, வாதிக்கத் தெரியாதவர் பயமுறுத்தும் வழி.

மருத்துவத்தையே எடுத்தார் என்பதால் அங்கேயே நிற்கிறேன். பாம்பு கடித்தவரை டாக்டர் காப்பாற்றுவது விஷமுறிவு மருந்தால். அந்த மருந்து செய்யத் தேவையான விஷம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவுக்குத் தேவையான விஷத்தின் பெரும்பகுதியை வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கொடுத்து வந்திருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்பை இழந்த இருளர்களுக்காக 1978இல் தொடங்கிய சங்கம் அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் காட்டில் தேடிப் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடா போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைத் தேட, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களோடு இறங்கினார்கள். எச்சத்தையும் தடத்தையும் பார்த்து, கையில் கடப்பாரையோடு மெதுவாக நடந்து, முதல் எட்டு நாளைக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெண்பாம்பு. அந்தப் பல்கலைக்கழகம் இவர்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை. கூடவே நடந்து கற்றுக்கொள்ளப் பார்த்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவர்களுக்குத் தெரிந்ததை அறிவு என்று சொல்ல நம் பேராசிரியருக்கு இன்னும் ஒரு தேர்வுத்தாள் தேவைப்படுகிறது.

நான்காவது வாதத்துக்கு நான் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். பட்டம் என்பது ஒடுக்கப்பட்டவர்கள் போராடி ஏறிய ஏணி. அதன் மதிப்பைக் குறைப்பது குலக்கல்வியை வேறு வழியில் கொண்டுவருவது என்கிறார். 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டம் வந்ததும், தமிழ்நாடு கொதித்தெழுந்ததும், 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டதும் எனக்கும் தெரியும். ‘உனக்கு எதற்குக் காலேஜு’ என்று எவன் சொன்னாலும் அவன் முகத்துக்கு நேரே எதிர்த்து நிற்பேன். என் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கிய அக்காவின் சட்டகமிட்ட படம் இன்றும் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

அதனால்தான் இந்த வாதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. இந்த மாநிலத்தில் பட்டம் இல்லாதவர்கள் யார்? அப்பாவின் கடனை அடைக்க ஒன்பதாம் வகுப்பில் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். காடே பள்ளிக்கூடமாகிப் போன இருளர். பதினாறு வயதில் தாலி கட்டி அனுப்பப்பட்ட பெண்கள். கல்லூரிக் கதவை இவர்கள் முகத்தில் அடைத்தது முதல் அநீதி. வெளியே நின்றதையே இவர்களுடைய அறியாமைக்குச் சாட்சியாகக் காட்டுவது இரண்டாவது அநீதி. ஏணியில் ஏறியவர் கீழே இருப்பவனுக்குக் கை கொடுக்க வேண்டும். ‘நீ மேலே வராததால் உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லிவிட்டு அதற்குச் சமூகநீதி என்று பெயர் வைப்பது, அந்தப் போராட்டத்தையே அவமதிப்பது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட காமராஜர், ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். பள்ளியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்குப் போகாதவனை முட்டாள் என்று அவர் நினைத்ததில்லை.

நல்ல பட்டத்தை நான் மதிக்கிறேன். என் ஆய்வேட்டை மூன்று பேர் வரி வரியாகப் படித்தார்கள். ஒருவர் ஒரு அடிக்குறிப்பில் இருந்த பிழைக்காக என்னை மூன்று மாதம் திரும்ப ஓலைச்சுவடி அறைக்கு அனுப்பினார். அந்தப் பட்டத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டென்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்தார் என்பதில்தான் இருக்கிறது. அந்தப் படிப்பைத் தையல்காரரின் கட்டுரைக்கும் கொடுத்திருக்கலாம். கேள்வி கேட்டிருக்கலாம். தப்பு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். யாரும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. கட்டத்தில் எழுதியிருந்த ‘ஒன்பது’ போதுமானதாக இருந்தது.

பேராசிரியரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் கட்டுரையில் எத்தனையோ ‘ஆர்வலர்களை’ மொத்தமாகத் தள்ளியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவருடைய நூலில் ஒரு பக்கத்தைக் காட்டி, இந்த வரி தவறு, இதோ சான்று என்று ஓர் இடத்திலாவது எழுதியிருக்கிறீர்களா? நான் இரண்டு முறை தேடிப் பார்த்தேன். இல்லை. பட்டம் பெறாதவர் சான்று தர வேண்டும். பட்டம் பெற்றவர் தராமலே தீர்ப்புச் சொல்லலாம் என்பதுதான் உங்கள் முறையியல் என்றால், அதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

அந்த நோட்டு இன்னும் தையல் கடை மேசையில், கத்தரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் பார்த்தபோது பின்பக்கத்திலிருந்து வந்த நடுகற்கள் முன்பக்கத்துச் சட்டை அளவுகளைத் தொட்டுவிட்டன; புது நோட்டு வாங்க வேண்டும் என்றார். பேராசிரியர் ஒரு நாள் அங்கே வரட்டும். நோட்டைப் பிரித்து, ஏதாவது ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதில் எழுதியிருக்கிற மணிக்கு அந்தக் கல்லின் முன்னால் போய் நிற்கட்டும். வாசிப்பு தவறாக இருந்தால் எழுதட்டும். அதை முதலில் ஒப்புக்கொள்கிறவர் அந்தத் தையல்காரராகத்தான் இருப்பார். சரியாக இருந்தால், அடுத்த கட்டுரையில் அவர் பெயரைத் தகவலாளிகள் பட்டியலிலிருந்து எடுத்துத் தலைப்புக்குக் கீழே போடட்டும்.