தேதி எங்கே இருக்கிறது?

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜூன் மாதத்து மதியம் ஒன்றில் அங்கே நின்றிருந்தேன். வம்பாக்கீரப்பாளையத்து அம்மா ஒருவர் மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து போனை நீட்டினார். "தம்பி, பொண்ணு காலேஜுல பணம் கட்ட கடைசி நாள் என்னிக்குன்னு இதுல இருக்குதாம். பாத்துச் சொல்லுப்பா."

வாட்ஸ்அப்பில் வந்த படம் அது. சுற்றறிக்கையை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஏழெட்டுக் கை மாறி வந்ததில் முத்திரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தேதி இருந்த வரி காகித மடிப்பில் போயிருந்தது. கடைத் தம்பி கல்லூரியின் இணையதளத்தைத் திறந்தார். முகப்பில் விழாப் படங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. 'புதியது' என்று மின்னிய வரியைத் தொட்டால் போன வருஷத்துச் சுற்றறிக்கை வந்தது. "நேர்ல போய்க் கேட்டுடுங்கக்கா" என்றார். அந்த அம்மா கூடையைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

அந்தக் கல்லூரிக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம் உண்டு. அன்று காலைகூட ஒரு வாழ்த்துப் படம் போட்டிருந்தார்கள். உழைக்க ஆள் இருக்கிறது. அறிவிப்புக்குத்தான் நிலையான வீடு இல்லை. தண்டோரா போடுகிறவர் தெருவில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். காதில் பாதி விழுந்தவர் போய் முழுதாகத் தெரிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். கல்வி நிறுவனங்களின் அறிவிப்புகளை வெளியிடும் நம் தொழிலில் அந்த இடம் இணையதளம். சமூக ஊடகம் தண்டோரா மட்டுமே. இரண்டையும் நாம் மாற்றிப் போட்டுவிட்டோம் என்பது என் உறுதியான எண்ணம்.

படமாகப் போடும் பழக்கம் எப்படி வந்தது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். பல அலுவலகக் கணினிகளில் தமிழ் இன்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகிறது. அதை எடுத்து இணையதளத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாக விழும். எனவே அச்செடு, ஸ்கேன் பண்ணு, ஏற்று. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பிரிவு எழுத்தர் பழைய எழுத்துருவோடு மல்லாடுகிறார் என்றால் குற்றம் அவருடையதல்ல. ஒருநாள் உட்கார்ந்து அவருக்குப் புதிய விசைப்பலகையைப் பழக்கிவிட யாரும் முன்வரவில்லை. படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் பிடிக்காது. பார்வையற்ற மாணவரின் போன் அதை 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அவருக்கு நாம் எதுவுமே அறிவிக்கவில்லை என்றுதான் பொருள்.

எடையும் உண்டு. பத்து வரி அறிவிப்பை எழுத்தாகப் போட்டால் இரண்டு மூன்று கிலோபைட். அதையே போனில் படம் பிடித்தால் இரண்டு மூன்று மெகாபைட், ஆயிரம் மடங்கு. இந்தக் கணக்கைப் புதுவையில் இருக்கும் நாம் மறக்கவே கூடாது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருக்கிறது. அதன் அறிவிப்புக்குக் காத்திருப்பவர்கள் காரைக்காலிலும், அரபிக் கடலோர மாஹேயிலும், கோதாவரிக் கரை ஏனாமிலும், அந்தமான் தீவுகளிலும் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் அந்தமானுக்குச் சேவை தரத் தொடங்கியது 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான். அதுவரை அந்தத் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியே இருந்தன. நகரும் படங்கள் நிறைந்த முகப்பைத் திறக்க அங்கே ஒரு மாணவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கேபிள் வந்துவிட்டது சரி. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோன போன் எல்லா ஊரிலும் இருக்கிறது.

2019 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் உயர்கல்வி நிறுவனங்களுக்கு எழுதிய கடிதம் நினைவிருக்கும். நிறுவனத்துக்கொருவர் சமூக ஊடகப் பொறுப்பாளராக வேண்டும், வாரம் ஒரு நல்ல செய்தியாவது வெளியிட வேண்டும், மாணவர்களின் கணக்குகளையும் நிறுவனம், அமைச்சகம் ஆகியவற்றின் கணக்குகளோடு இணைக்க வேண்டும் என்றது. கண்காணிப்பு என்று எதிர்ப்புக் கிளம்ப, தனிப்பட்ட கணக்குகளுக்குள் நுழையும் எண்ணமில்லை என்று அமைச்சகம் விளக்கியது. எனக்கு உறுத்தியது வேறு. வாரம் ஒரு நல்ல செய்தி கேட்டவர்கள் வாரம் எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. நம்மில் பலர் அந்த அளவுகோலையே பிடித்துக்கொண்டோம்.

நமக்கு வேறொரு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(4): தகவலைப் பரப்பும்போது செலவு, உள்ளூர் மொழி, அந்தப் பகுதியில் எது நன்றாகச் சென்றுசேரும் என்ற மூன்றையும் கருத வேண்டும். பயன்படுத்தக்கூடிய வழிகளில் அறிவிப்புப் பலகையும் செய்தித்தாளும் இணையமும் ஒரே வரிசையில் சொல்லப்பட்டிருக்கின்றன. மேலதிகாரியிடம் தமிழ் அறிவிப்புக்கு அனுமதி கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. இந்தப் பிரிவைக் கோப்பில் எழுதினால் போதும்.

அறிவிப்புக்கு நிலையான வீடு எவ்வளவு அவசியம் என்பது புயல் நாளில் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக்குள் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. இப்படிப்பட்ட நாட்களில்தான் பழைய விடுமுறை அறிவிப்புகள் தேதி வெட்டப்பட்டு மறுபடி சுற்றுகின்றன. மறுப்பு போட்டு மாளாது. எல்லா அறிவிப்பும் மாறாத ஒரே முகவரியில், வெளியிட்ட நாளும் நேரமும் முதல் வரியிலேயே இருக்க, காலாவதியானதன் தலையில் 'முடிந்தது' என்ற சொல்லோடு இருந்தால் மாணவர்களே பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பதிவு எதுவானாலும் அந்த முகவரி அதில் இருக்கட்டும். சேர்க்கை தொடங்குமுன் உங்கள் நிறுவனத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்குள்ளவரிடம் விலை குறைந்த ஒரு போனைக் கொடுத்து, கட்டணக் கடைசி நாளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள்.

அந்த அம்மா சாயங்காலம் கூடையை எடுக்கத் திரும்பி வந்தாராம், கடைத் தம்பி பிறகு சொன்னார். அலுவலகத்தில் யாரோ துண்டுச் சீட்டில் தேதியைப் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நீட்டி, "மூணு காப்பி போடுப்பா, எங்க தெருவுல இன்னும் மூணு பொண்ணுங்க அங்கதான் படிக்குதுங்க" என்றாராம்.