உள்ளாட்சி வெற்றி ஊரின் தீர்ப்பா?

2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96-ஐ திமுக அணி வென்றது. கொங்கு மண்டலம் அதிமுகவைக் கைவிட்டுவிட்டது என்பதற்கு இதுவே சான்று என்றது ஒரு தரப்பு. வெறும் பணபலமும் அதிகார பலமும்தான் என்றது மறுதரப்பு. இரண்டு வாதங்களும் தவறானவை.

முதல் வாதத்தை மாநகராட்சியின் வரலாறே மறுக்கிறது. 2006-இல் திமுக ஆட்சியில் அதன் கூட்டணிக் கட்சியான காங்கிரஸ் மேயர் பதவியைப் பெற்றது. 2011-இல் அதிமுக ஆட்சியில் அதிமுக பெற்றது. 2022-இல் திமுக பெற்றது. குடிநீர், சாக்கடை, சாலைக்கான நிதி கோட்டையிலிருந்து வரும்போது, ஆளும் அணியின் கவுன்சிலரை வாக்காளர் தேடுவது இயல்பு. அந்த வாக்கு சட்டமன்றத்துக்கு அப்படியே மாறாது. மக்களவை வாக்குகூட அப்படி மாறியதில்லை: 2019-இல் கோவை மக்களவைத் தொகுதியை திமுக அணியிலிருந்த மார்க்சிஸ்ட் கட்சி வென்றது. இரண்டே ஆண்டுகளில், மாவட்டத்தின் 10 சட்டமன்றத் தொகுதிகளையும் அதிமுக அணி அள்ளியது.

இரண்டாம் வாதம் வாக்காளரை இழிவுபடுத்துகிறது. 2016-இல் நடக்கவேண்டிய தேர்தல் தள்ளிப்போனதால், ஐந்தாண்டுகளுக்கும் மேல் கோவைக்குக் கவுன்சிலரே இல்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் ஆண்டது அதிமுக. அந்தக் கோபத்துக்கும் வாக்கில் பங்குண்டு.

இடைத்தேர்தல் வெற்றியும் மண்டலத்தின் தீர்ப்பாகிவிடாது. கொங்கு மண்டலத்தின் ஈரோடு கிழக்கு சட்டமன்றத் தொகுதியில் 2025 இடைத்தேர்தலை அதிமுகவும் பாஜகவும் புறக்கணித்தன. முதன்மை எதிர்க்கட்சி களத்தில் இல்லாத வெற்றியிலிருந்து மண்டலத்தின் மனநிலையை அளக்க முடியாது. அதுபோலவே, உள்ளாட்சி முடிவை உள்ளாட்சியின் கணக்கில்தான் படிக்கவேண்டும்: வார்டு, வேட்பாளர், வாக்குப்பதிவு, நிறைவேறாத பணிகள். அதைச் செய்யாத கட்சி அடுத்த தேர்தலில் தன் தொண்டர்களையே தவறாக வழிநடத்தும்.